கொக்கி மாட்டுவதற்கு முன்னால்

விபத்தில் அடிபட்டுப் பட்டறைக்கு வரும் காரில் இரண்டு வகைக் காயம் இருக்கும். சாலையில் பட்டது ஒன்று. சாலையிலிருந்து தூக்கி வரும்போது பட்டது இன்னொன்று. முதல் வகை எல்லார் கண்ணுக்கும் தெரியும். இரண்டாவதைப் பார்க்க வேண்டுமென்றால் வண்டிக்கு அடியில் படுக்க வேண்டும். அடிபட்ட வண்டியின் சேதத்தைப் பார்த்துக் கணக்கெழுதும் இன்சூரன்ஸ் சர்வேயர் வேலை பார்ப்பதால் நான் அடிக்கடி படுக்கிறவன். திருநெல்வேலியிலிருந்து தெற்கே காவல்கிணறு, மேற்கே தென்காசி, கிழக்கே தூத்துக்குடி ரோடு என்று எந்தப் பக்கம் வண்டி முட்டினாலும், ஒரு நாள் கழித்து வண்ணார்பேட்டையிலோ பாளையங்கோட்டையிலோ ஏதாவது ஒரு ஒர்க்‌ஷாப்பில் அதைச் சந்திப்பேன்.

ஒரு கார் வருகிறது. முன்னால் போன லாரியில் முட்டியிருக்கிறது. பானெட் மடங்கி, ரேடியேட்டர் உள்ளே போய், விளக்கு இரண்டும் உடைந்து கிடக்கிறது. எல்லாம் கணக்குக்குச் சரியாக வருகிறது. பின் சக்கரங்களைப் பார்த்தால் இரண்டு டயரிலும் ஒரே ஒரு இடத்தில் மட்டும் ரப்பர் தேய்ந்து உள்ளே நூல் தெரிகிறது. முன்பக்கம் முட்டியதற்கும் பின் டயர் தேய்ந்ததற்கும் என்ன சம்பந்தம்? ஹேண்ட் பிரேக்கை இறக்காமலே முன்பக்கத்தைத் தூக்கி இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இதை நான் எழுதினால் வண்டிக்காரர் என்னோடு சண்டைக்கு வருவார். “ஆக்ஸிடெண்ட்ல போனதுன்னு எழுதுறதுல ஒமக்கு என்ன வே நஷ்டம்?” ஒர்க்‌ஷாப்காரர் தோளைக் குலுக்குவார். இழுத்து வந்தவரோ அந்நேரம் கயத்தாறு பக்கம் இன்னொரு காரை ஏற்றிக்கொண்டிருப்பார். அவருக்கு இப்படி ஒன்று நடந்தது என்றே தெரியாது. கடைசிவரை தெரியப்போவதும் இல்லை.

நின்ற வண்டியை ஏற்றி இழுத்துப்போகும் இந்த ரெக்கவரி தொழிலின் கோளாறு அங்கேதான் இருக்கிறது. முடி வெட்டுகிறவர் கை தவறினால் கண்ணாடியில் அப்போதே தெரிந்துவிடும், நாற்காலியை விட்டு எழுவதற்குள் ஏச்சு விழும். ரெக்கவரி வண்டிக்காரர் செய்த தப்பு அவர் காசு வாங்கிக்கொண்டு போய் இரண்டு நாள் கழித்து, யாரோ ஒரு மெக்கானிக் ஜாக்கி வைத்துத் தூக்கும்போது வெளியே வருகிறது. அலட்சியமாக இழுத்தவருக்குக் கெட்ட பேர் வருவதில்லை. பதனமாகக் கொண்டுவந்தவருக்கு நல்ல பேரும் வருவதில்லை, ஏனென்றால் ஒன்றும் உடையாமல் வந்த வண்டியை யார் கவனிக்கிறார்கள்? ஆகவே இந்த வேலையில் ஒருவர் ஒழுங்காக இருக்கிறார் என்றால், அது பெரும்பாலும் அவர் தன் திருப்திக்குச் செய்வது. அப்படிப்பட்ட ஆட்கள் நம் பக்கத்தில் இருக்கிறார்கள் என்பதைத்தான் எழுத நினைத்தேன். மற்றவர்களைப் பற்றியும் எழுதாமல் முடியாது.

நாங்குநேரிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். சாய்ந்து இறங்கும் தட்டு வைத்த வண்டி சொந்தமாக வைத்து ஓட்டுகிறார். விபத்து நடந்த இடத்துக்கே நான் போக நேர்ந்த ஒரு சில தடவை அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வந்து இறங்கியதும் காரைத் தொடமாட்டார். தன் வண்டியை முறையாக நிறுத்தி, பளிச் விளக்கைப் போட்டு, சிவப்பு முக்கோணத்தைப் பின்னால் நன்றாகத் தள்ளி வைத்துவிட்டு வருவார். நம்மில் பலர் அதைக் காருக்கு நாலு அடி பின்னால் வைக்கிறோம். நூறு கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவனுக்கு அது எதற்கு? பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு காரை ஒரு சுற்றுச் சுற்றுவார். குனிந்து அடியில் பார்ப்பார். எண்ணெய் ஒழுகுகிறதா, என்ஜினுக்கு அடியில் எண்ணெய் நிற்கும் சம்ப்பு தொங்குகிறதா, பம்பர் எந்தப் பக்கம் கழன்று நிற்கிறது என்று பார்த்துவிட்டுச் செல்போனில் சுற்றி ஒரு வீடியோ. “இது எனக்கும் காவல், ஒங்களுக்கும் காவல்” என்பார். அப்புறம்தான் கேள்வி ஆரம்பிக்கும்.

“கியரு ஆட்டோமேட்டிக்கா, மாத்துற கியரா? ஹேண்ட் பிரேக்கு லீவரா, பட்டனா? பாட்டரில உயிர் இருக்கா? நாலு சக்கரமும் இழுக்குற வண்டியா? ஸ்டெப்னி பக்கத்துல டூல்ஸ் பை இருக்கும், எடுங்க.”

டூல்ஸ் பையில் அவர் தேடுவது தலையில் வளையம் வைத்த ஒரு திருகாணி. பெரும்பாலான கார்களில் பம்பரில் கைவிரல் அளவுக்கு ஒரு சதுர மூடி இருக்கும். அதை நெம்பி எடுத்தால் உள்ளே மரை. அந்த வளையத்தை அதில் திருகி, இரும்புக் கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச்சின் கொக்கியை வளையத்தில்தான் போட வேண்டும். காரைச் செய்தவன் இழுப்பதற்கென்றே கொடுத்த இடம் அது ஒன்றுதான். சில கார்களில் மரை இடப்பக்கமாகச் சுற்றும். அது தெரியாமல் வலப்பக்கமே முறுக்கி மரையைக் கெடுத்தவர்களும் உண்டு. டூல்ஸ் பையைத் தேடச் சோம்பல்பட்டவர்கள் என்ன செய்கிறார்கள்? கை நீட்டினால் எது எட்டுகிறதோ அதில் கொக்கியை மாட்டுகிறார்கள். சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மில், சக்கரத்தைத் திருப்பும் ஸ்டியரிங் ராடில், சில நேரம் ரேடியேட்டரைத் தாங்கும் தகட்டில். கார் ஏறிவிடும், அதில் சந்தேகமில்லை. வளைந்த ராடு நாலு மாசம் கழித்து டயரை ஒரு பக்கமாகத் தின்னும்போது வண்டிக்காரர் அலைன்மெண்ட் கடைக்காரனைத் திட்டிக்கொண்டிருப்பார்.

வின்ச் சுற்ற ஆரம்பித்ததும் அண்ணாச்சியின் குரல் மாறும். “அந்தக் கம்பிக்கு நேரா யாரும் நிக்காதிய. அறுந்துச்சுன்னா அது ஆளு பாத்து அடிக்காது.” இழுவையில் இருக்கும் இரும்புக் கயிறு அறுந்தால் திரும்பி வரும் வேகத்தில் காலை முறித்துப் போட்டுவிடும். ஒரு நனைந்த சாக்கைக் கயிற்றின் நடுவில் தொங்கவிடுவார். அறுந்தாலும் அந்தக் கனம் கயிற்றைத் தரைக்கு இழுக்கும் என்பதற்காக. வேடிக்கை பார்க்க வரும் கூட்டம் இதற்கெல்லாம் சிரிக்கும். தட்டில் ஏறியபின் நாலு சக்கரத்துக்கும் டயரைச் சுற்றி பெல்ட். காரின் அடிச்சட்டமான சேஸில் சங்கிலி போட்டு இறுக்கினால் காரின் ஸ்பிரிங் அமுங்கி, பள்ளத்தில் குதிக்கும்போது சங்கிலி தொய்ந்துவிடும். டயரைக் கட்டினால் மேலே உடம்பு ஆடும், சக்கரம் அசையாது. கொஞ்ச தூரம் போனதும் ஓரமாக நிறுத்தி, இறங்கி, நாலு பெல்ட்டையும் மறுபடி ஒரு இறுக்கு இறுக்குவார். புது பெல்ட்டானாலும் தொய்யாமல் இருக்காது என்பது அவர் கணக்கு.

ஆனி, ஆடியில் பணகுடி தாண்டினால் இன்னொரு பாடம் இருக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேல்காத்து இறங்கும் பாதை அது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. அங்கே நின்றுபோன காரின் கதவைக் காற்றுப் பக்கம் தெரியாமல் திறந்தால், கையிலிருந்து பிடுங்கி எதிர்ப்பக்கம் மடக்கி, கீலையே வளைத்துவிடும். அண்ணாச்சி அங்கே போனால் தன் பெரிய வண்டியைக் காற்றுக்கு மறைப்பாக நிறுத்திய பிறகுதான் காரின் கதவைத் திறக்கச் சொல்வார். இதை எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். முன்னொரு தடவை யாருடைய கதவோ மடங்கியதைப் பார்த்திருப்பார்.

அவர் கேட்கும் கேள்விகளில் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பெரிய செலவு நிற்கிறது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குள் எண்ணெயைச் சுற்றவிடும் பம்ப், என்ஜின் ஓடினால்தான் ஓடும். என்ஜின் அணைந்த காரின் இழுவைச் சக்கரங்களைத் தரையில் உருட்டிக்கொண்டே போனால், கியர்பாக்ஸ் உள்ளே எண்ணெய் இல்லாமல் சுற்றிச் சூடேறும். முன்சக்கர இழுவைக் காரென்றால் முன்பக்கத்தைத் தூக்க வேண்டும், பின்பக்கத்தைத் தூக்கி முன்சக்கரத்தை உருட்டக் கூடாது. நாலு சக்கர இழுவை என்றால் நாலும் தரையில் படக்கூடாது, தட்டு வண்டிதான். மின்சாரக் காரும் அப்படித்தான். சக்கரம் சுற்றினால் மோட்டார் சுற்றும், மோட்டார் சுற்றினால் அது கரண்ட் உற்பத்தி செய்ய ஆரம்பிக்கும். இதெல்லாம் ஒவ்வொரு காரின் கையேட்டிலும் அச்சடித்து வருகிறது. கார் வாங்கியவர் அதை பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் டேஷ்போர்டில் வைத்திருப்பார். ஆகவே படிக்க வேண்டிய பொறுப்பு, கடைசியில், ராத்திரி இரண்டு மணிக்கு வந்து நிற்கும் டிரைவர் தலையில் விழுகிறது.

லாரி என்றால் கதை வேறு. செங்கோட்டை தாண்டிப் புளியரை எஸ் வளைவில் கேரளா போகும் பார வண்டி ஒன்று நின்றுவிட்டால் இரண்டு பக்கமும் வண்டிகள் மைல் கணக்கில் சேர்ந்துவிடும். காற்றுப் பிரேக் வண்டிகளில் டாங்கியில் காற்று இறங்கினால் ஸ்பிரிங் வந்து பின் சக்கரங்களைப் பிடித்துக்கொள்ளும். பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு அது. விஷயம் தெரிந்தவர் தன் வண்டியிலிருந்து குழாய் போட்டுக் காற்றுக் கொடுப்பார், இல்லையென்றால் அந்த ஸ்பிரிங் இருக்கும் சேம்பரில் போல்ட்டைத் திருகிப் பிரேக்கை விடுவிப்பார். பின் சக்கரம் தரையில் உருள வேண்டுமென்றால் கியர்பாக்ஸையும் பின் சக்கரங்களையும் இணைக்கும் ஷாஃப்ட்டைக் கழற்றிக் கட்டி வைப்பார். இதற்கு நேரம் பிடிக்கும். பின்னால் ஐந்நூறு பேர் ஹாரன் அடிப்பார்கள். போலீஸ்காரர் “இழு, இழு” என்பார். அந்தச் சத்தத்தில் பூட்டிய சக்கரத்தோடு தறதறவென்று இழுத்து ஓரம் கட்டுவது பல தடவை நடக்கிறது. பழியை டிரைவர் மேல் மட்டும் போட எனக்கு மனசு வரவில்லை. அவசரம் நம்முடையது, அலட்சியம் என்ற பேர் மட்டும் அவருக்கு.

ஆனால் 2023 டிசம்பரில் பார்த்ததை அப்படி மன்னிக்க முடியவில்லை. 17, 18 தேதிகளில் பெய்த மழை யாருக்கும் மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி திருநெல்வேலி ஜங்ஷனுக்குள் வந்தது, கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத்தையே சூழ்ந்தது, ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நடுத்தண்ணீரில் நின்றது. தண்ணீர் வடிந்ததும் தெருத்தெருவாகச் சேறு அப்பிய கார்கள். ரெக்கவரி வண்டிகளுக்கு ஓய்வே இல்லை. அந்த நாட்களில் சிலர் ஒரு காரியம் செய்தார்கள். வின்ச் போட்டு இழுப்பதற்குப் பதிலாக, காரை ஸ்டார்ட் செய்து தட்டில் ஓட்டி ஏற்றிவிட்டால் நேரம் மிச்சம் என்று சாவியைத் திருப்பினார்கள்.

தண்ணீர் புகுந்த என்ஜினில் அதைச் செய்யவே கூடாது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது பிஸ்டன் மேலே வந்தால் அதற்குப் போக இடமில்லை. பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராடு வளையும், மோசமானால் உடைந்து என்ஜின் பிளாக்கையே துளைக்கும். வெள்ளத்தில் நனைந்தது பாலிசிக்குள் வரும். ஸ்டார்ட் செய்ததால் உடைந்த என்ஜின், தனியாக என்ஜின் பாதுகாப்பு எடுத்திருந்தால் ஒழிய, பொதுவாக வராது. சுத்தம் செய்து எண்ணெய் மாற்றினால் தேறியிருக்கக்கூடிய வண்டிக்கு லட்சக் கணக்கில் செலவு. யார் திருப்பினார்கள் என்று கேட்டால் “நான் திருப்பல, ஏத்த வந்தவன் திருப்புனான்” என்பார் உரிமையாளர். ஏற்ற வந்தவர் ஊருக்கே போயிருப்பார். வீடு முழுக்கச் சேறு, அரிசி மூட்டை நனைந்து கிடக்கிறது, இந்த நேரத்தில் என்ஜினும் போயிற்று என்று நான் போய்ச் சொல்ல வேண்டும். அதே வாரத்தில், “தண்ணி பாத்த வண்டில சாவி போடக் கூடாது சார், பாட்டரி வயரை மொதல்ல கழத்துங்க” என்று சொல்லிவிட்டு, இடுப்பளவு சேற்றில் இறங்கி நின்று காரைக் கையால் தள்ளிய பையன்களையும் பார்த்தேன். இருவருக்கும் கூலி ஒன்றுதான்.

கூலி என்றதும் அதையும் சொல்லிவிட வேண்டும். சாலையோர உதவிக்கென்று நாம் கூப்பிடும் எண் எங்கோ ஒரு பெரிய நகரத்தில் ஒலிக்கிறது. அங்கே இருப்பவருக்கு மூன்றடைப்பு எங்கே இருக்கிறது, மூலைக்கரைப்பட்டி எங்கே இருக்கிறது என்று தெரியாது. அவர் ஒரு ஏஜென்சிக்குச் சொல்ல, ஏஜென்சி உள்ளூரில் ஒருவருக்குச் சொல்ல, அவர் தன் டிரைவரை எழுப்புகிறார். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் குறைந்து, கடைசி ஆளுக்கு வருவது கிலோமீட்டர் கணக்குக் காசு. காலியாகப் போகிற தூரம் பல நேரம் கணக்கில் வராது. இத்தனை நிமிஷத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்ற கெடு மட்டும் கண்டிப்பாக வரும். கூட ஒரு கிளீனர் இருந்தால் வேலை பாதியாகும், ஆனால் சம்பளம் யார் கொடுப்பது? வளையத்தைத் தேடும் கால் மணி நேரத்துக்கும், பெல்ட்டை மறுபடி இறுக்கும் ஐந்து நிமிஷத்துக்கும் யாரும் ஒரு பைசா தருவதில்லை. நம் பாலிசியிலும் நிலைமை அப்படித்தான். தனிக் காருக்கான வழக்கமான பாலிசியில் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோகும் செலவுக்கென்று இருப்பது 1,500 ரூபாய். அந்தத் தொகை எந்தக் காலத்து விலைவாசிக்குப் போட்டதோ, இன்னும் மாறாமல் கிடக்கிறது.

இதை வைத்து அலட்சியத்துக்கெல்லாம் வறுமைதான் காரணம் என்று சொன்னால் அதுவும் பொய். நாங்குநேரி அண்ணாச்சி வாங்குவதும் அதே கிலோமீட்டர் காசுதான். நல்ல விலைக்குப் புது வண்டி வாங்கி, நாலு டிரைவர் வைத்து நடத்துகிறவர்களிடமிருந்து வந்த கார்களில்தான் கொக்கித் தழும்பை நான் அதிகம் பார்க்கிறேன். அடிபட்ட இடத்துக்கு முதலில் யார் போவது என்று பந்தயம் வைத்து ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். தலையில் ரத்தம் வழிய உட்கார்ந்திருப்பவரிடம் போய் “எந்த ஒர்க்‌ஷாப்புக்கு ஏத்தணும்?” என்று பேரம் பேசுகிற ஜென்மங்களை என்ன சொல்வது. அங்கே கெடுவது காரில்லை.

நாற்கர சாலையில் விபத்து என்றால் 1033க்கு அடித்தால் நெடுஞ்சாலை ஆணையத்தின் உதவி வரும், ஆம்புலன்ஸும் கிரேனும் அனுப்புவார்கள். நல்ல ஏற்பாடு, எல்லோரும் மனப்பாடம் செய்ய வேண்டிய எண். ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும்: அந்தக் கிரேன் வருவது சாலைக்காக. வழியை அடைத்துக் கிடக்கும் வண்டியை அப்புறப்படுத்துவது அதன் வேலை. கார் பத்திரமாக ஓரமாக நிற்கிறது என்றால், பட்டறைக்குக் கொண்டுபோக நீங்கள் கூப்பிட்ட ரெக்கவரி வண்டி வரும்வரை காத்திருக்கலாம். கிரேன்காரரிடம் “அப்படியே பாளையங்கோட்டை வரைக்கும் இழுத்துட்டுப் போயிருங்க” என்று கெஞ்சி, முன்பம்பரில் வடம் கட்டவைத்து, அப்புறம் என்னிடம் வந்து அழுதவர்கள் உண்டு.

இந்த ரெக்கவரி வண்டியே ஒரு சலிப்பில் பிறந்ததுதான். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் சட்டனூகா என்ற ஊரில் 1916இல், ஓடைக்குள் விழுந்த ஒரு ஃபோர்டு காரைக் கயிறும் கட்டையும் ஆட்களும் வைத்து வெளியே எடுக்க மணிக்கணக்கில் பாடுபட்ட எர்னஸ்ட் ஹோம்ஸ் என்ற பட்டறைக்காரர், அந்த அலுப்பில் ஒரு பழைய கார் மேல் கம்பமும் சங்கிலியும் பொருத்தினார். ரெக்கவரி வண்டிக்கு அதைத்தான் ஆதியாகச் சொல்கிறார்கள். அந்த ஊரில் இதற்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. வேலையில் இறந்துபோன ரெக்கவரி டிரைவர்களின் பெயர்களைப் பொறித்த சுவர் ஒன்றும் அங்கே இருக்கிறது. பளிச் விளக்கு எரியும் வண்டி ஓரத்தில் நின்றால் வேகத்தைக் குறைத்து, முடிந்தால் அடுத்த தடத்துக்கு மாறிப் போக வேண்டும் என்று அந்த நாட்டின் எல்லா மாநிலங்களிலும் சட்டம் உண்டு. இங்கே நாங்குநேரி டோல்கேட்டுக்குப் பக்கத்தில், அண்ணாச்சி குனிந்து பெல்ட் மாட்டிக்கொண்டிருக்கும்போது அவர் சட்டை படபடக்கும் நெருக்கத்தில் சொகுசுப் பேருந்துகள் போவதைப் பார்த்திருக்கிறேன். ஒளிரும் ஜாக்கெட் போட்டுக்கொண்டுதான் இருந்தார். அதற்கும் யாரும் ஒதுங்கவில்லை.

என் சித்தி மகள் ஒருத்தி டீச்சர். ஒரு ராத்திரி மூன்றடைப்புக்கு அந்தப் பக்கம் கார் நின்றுபோய், கைக்குழந்தையோடு தனியாக மாட்டிக்கொண்டாள். வந்தது இருபத்தைந்து வயதுகூட இருக்காத ஒரு பையன். காரை ஏற்றி முடித்ததும், கேபினில் ஏறச் சொல்வதற்கு முன்னால் சொன்னானாம்: “எக்கா, மொதல்ல இந்த நம்பர் பிளேட்டையும் என் லைசென்ஸையும் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிருங்க. லொகேஷனையும் போட்டு விடுங்க. அப்பறம் ஏறுங்க.” கேபின் கூட்டித் துடைத்து இருந்ததாம். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை, பாட்டும் போடவில்லை. வண்டியை இறக்கியபின் காரைச் சுற்றிக் காட்டி, “ஏத்தும்போது எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கா, பாத்துக்கிடுங்க” என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்து வாங்கினான். காரின் அடியில் அவன் எங்கே கொக்கி போட்டான் என்று நான் மறுநாள் படுத்துப் பார்த்தேன். தொழில் புத்தி, விடாது. பம்பர் மூடி திரும்ப அதன் இடத்தில் இருந்தது, வளையம் டூல்ஸ் பைக்குள் போயிருந்தது.

அந்தப் பையன் எண்ணையும் அண்ணாச்சி எண்ணையும் இன்னும் சிலர் எண்களையும் என் போனில் வைத்திருக்கிறேன். கேட்கிறவர்களுக்குக் கொடுக்கிறேன். அண்ணாச்சி எடுக்க மாட்டேங்கிறார் என்று பாதிப் பேர் எனக்கே திரும்ப அடிக்கிறார்கள். தட்டு மேல் வண்டி இருக்கும்போது அவர் போனைத் தொடுவதில்லை. முக்கால் மணி நேரம் கழித்து அவரே கூப்பிடுவார்.